வாட் குறைந்தால் இழுப்பு குறையுமா? ஐரோப்பாவின் 900 வாட் வாக்குவம் கிளீனர் விதி

ஜெர்மனிக்குக் குடிவந்து எட்டு மாதம் ஆகிறது, கடையில் பார்க்கும் வயர் வைத்த வாக்குவம் கிளீனர் எல்லாமே 600, 750, 890 வாட் என்றுதான் இருக்கின்றன, சென்னையில் அம்மா வீட்டில் இருப்பதோ 2000 வாட், மின்சாரம் மிச்சம் என்ற பெயரில் ஐரோப்பிய யூனியன் வலுவில்லாத மெஷினை நம் தலையில் கட்டுகிறதா, ஊருக்குப் போய்த் திரும்பும்போது ஒன்றைத் தூக்கி வந்துவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். பார்க்கச் சட்டம் பற்றிய கேள்விபோல் இருந்தாலும், நீங்கள் உண்மையில் கேட்பது வாட் குறைந்தால் இழுப்பு குறையுமா என்பதைத்தான். அது விளங்கினால் மற்றது தானாக விளங்கும். நான் கோயம்புத்தூரில் பம்ப், மோட்டார் டெஸ்ட் பெஞ்சில் பதினோரு வருடம் நின்றவன். அதன்பிறகு ஜெர்மனியில் வீட்டு உபயோகச் சாமான்களுக்கு மோட்டார் செய்யும் இடத்தில் வேலை. மோட்டார், காற்று பற்றி எழுதுவதை நீங்கள் நம்பலாம். வக்கீல் இல்லை என்பதால், சட்டப் பகுதியை விதியையும் தீர்ப்பையும் படித்துப் புரிந்துகொண்ட ஒருவன் சொல்வதாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் கிணற்றடிக்கு வாருங்கள். அந்தக் காலத்தில் வாரத்துக்கு இரண்டு பேராவது வந்து, "அஞ்சு எச்.பி. பத்தலீங்க, ஏழரை போட்டுக் குடுத்துருங்க" என்பார்கள். போய்ப் பார்த்தால் கிணற்றுக்குள் பைப்பின் அடியில் இருக்கும் ஃபுட்வால்வில் பாசி அடைத்திருக்கும், அல்லது பழைய குறுகல் பைப்பையே புது பம்ப்புக்கும் மாட்டியிருப்பார்கள். அதில் ஏழரை போட்டால் தண்ணீர் கொஞ்சம் கூடும், கரண்ட் நிறையக் கூடும். எச்.பி. என்பது மோட்டாரின் அளவு. மேலே எவ்வளவு தண்ணீர் வந்து விழுகிறது என்பதை பம்ப், பைப், உயரம் எல்லாம் சேர்ந்துதான் தீர்மானிக்கும். வாக்குவம் கிளீனரும் ஒரு பம்ப்தான். தண்ணீருக்குப் பதில் காற்று, அவ்வளவே வித்தியாசம்.

டப்பாவில் போட்டிருக்கும் வாட், மெஷின் சுவரிலிருந்து எடுத்துக்கொள்ளும் மின்சாரம். அது செய்யும் வேலைக்கு வேறு கணக்கு: உறிஞ்சும் அழுத்தத்தையும் ஒரு நொடியில் போகும் காற்றின் அளவையும் பெருக்கினால் வருவது. அதையும் வாட்டில்தான் சொல்வார்கள், 'ஏர் வாட்' என்று. பழைய 2000 வாட் மெஷின்களின் விளம்பரத்தாளில் பொடி எழுத்தில் 'சக்‌ஷன் 400 வாட்' என்று போட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதுகூட நல்ல நிலையில் கிடைக்கும் உச்சக் கணக்கு. மீதி 1600 வாட் எங்கே போனது? பின்பக்கம் வரும் சூடான காற்று, காதைக் கிழிக்கும் சத்தம், மோட்டாருக்குள் கார்பன் பிரஷ் உராய்வு, காற்றைத் தள்ளும் இறக்கைச் சக்கரமான இம்பெல்லருக்குள் சுழன்று வீணாகும் காற்று. பெருக்கும்போது அறை கதகதப்பாகிறது என்றால் நீங்கள் காசு கொடுத்து ஹீட்டர் ஓட்டுகிறீர்கள் என்று பொருள்.

இன்னொரு கணக்கையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பலர் சறுக்குவது இங்கேதான். விசிறி வகை எதுவானாலும், அதற்குத் தேவைப்படும் சக்தி காற்றோட்டத்தின் மும்மடிப் பெருக்கமாக ஏறும். காற்றை 26 சதவீதம் கூட்ட வேண்டுமானால் சக்தியை இரண்டு மடங்காக்க வேண்டும். திருப்பிப் போட்டுப் பாருங்கள்: அதே வடிவமைப்பில் 2000 வாட்டை 1000 ஆக்கினால் காற்று பாதியாகக் குறையாது, ஏறக்குறைய 79 சதவீதம் மிஞ்சும். அழுத்தம் 63 சதவீதம் மிஞ்சும். அதோடு இம்பெல்லரின் இதழ் வளைவைத் திருத்தி, ஹோஸ் மூட்டுகளில் காற்றுக் கசிவை அடைத்து, தரையைத் தொடும் ஹெட்டின் உதடுகளை ஒழுங்காக வைத்தால், போன 20 சதவீதத்தில் பெரும்பகுதியைத் திரும்பப் பிடித்துவிடலாம். இது கம்பெனிக்காரர்களுக்குத் தெரியாத ரகசியம் இல்லை. அதைச் செய்ய மண்டையைக் குடையவேண்டும், பெரிய மோட்டாரைப் போடுவது சுலபம், கடையிலும் பெரிய எண்தான் விற்கும்.

கடையில் ஒரு காட்சி அடிக்கடி பார்க்கிறேன். வாங்க வந்தவர் ஹோஸின் வாயில் உள்ளங்கையை வைத்து அடைப்பார். கை ஒட்டிக்கொள்ளும், மோட்டார் 'வீல்' என்று கத்தும். "பாருங்க, என்ன பவர்!" அவர் பார்ப்பது காற்று சுத்தமாக நின்றுபோன நிலை. காற்றே ஓடவில்லையென்றால் தூசியை எது சுமந்து போகும்? அந்த நேரத்தில் கிளாம்ப் மீட்டர் போட்டுப் பார்த்தால் கரண்ட் கூடியிருக்காது, இறங்கியிருக்கும். தள்ளுவதற்குக் காற்று இல்லாததால் பளு குறைந்து, மோட்டார் வேகம் பிடித்து ஓடுகிறது, அந்தச் சத்தம்தான் அது. டெலிவரி வால்வை மூடினால் ஆம்பியர் இறங்கும் என்று நம் ஊர் பம்ப் ஃபிட்டர் எவரைக் கேட்டாலும் சொல்வார். அதிக நேரம் அப்படி ஓடினால் மோட்டாரைக் குளிர்விக்கும் காற்றும் இல்லாமல் சூடேறி, பாதுகாப்பு சுவிட்ச் அணைத்துவிடும். பை நிறைந்து அடைத்துக்கொண்ட மெஷின் சத்தம் மாறிப் பாடுவதும், தானே நின்றுபோவதும் இதனால்தான்.

இனி விதிக்கு வருகிறேன். ஐரோப்பிய ஆணையம் 2013 ஜூலையில் கொண்டுவந்த 666/2013 என்ற ஒழுங்குவிதி அது. இரண்டு படியாக அமலுக்கு வந்தது. 2014 செப்டம்பர் 1 முதல் மோட்டார் 1600 வாட்டுக்குக் கீழே, ஆண்டு மின்செலவு 62 யூனிட்டுக்குக் கீழே. 2017 செப்டம்பர் 1 முதல் 900 வாட்டுக்குக் கீழே, 43 யூனிட்டுக்குக் கீழே. பத்திரிகைகள் எழுதியதும், நீங்கள் கேள்விப்பட்டதும் இந்தப் பாதிதான். மற்ற பாதியை யாரும் தலைப்பில் போடவில்லை. அதே விதியில், மெஷின் குறைந்தபட்சம் எவ்வளவு தூசி எடுத்தாக வேண்டும் என்றும் இருக்கிறது. கார்ப்பெட்டில் முதல் படியில் 70 சதவீதம், இரண்டாம் படியில் 75. வெறுந்தரையில் 95, பிறகு 98. அதாவது வாட்டைக் குறைத்த அதே நாளில் வேலையின் தரத்தை உயர்த்தினார்கள். 2017-இல் இன்னும் சிலதும் சேர்ந்தன: உறிஞ்சிய தூசியில் ஒரு சதவீதத்துக்கு மேல் வெளியே திரும்ப ஊதக்கூடாது, சத்தம் 80 டெசிபலைத் தாண்டக்கூடாது, ஹோஸ் 40,000 முறை வளைத்து ஆட்டினாலும் பிழைக்க வேண்டும், மோட்டார் 500 மணி நேரமாவது ஓட வேண்டும். வாரம் ஒரு மணி நேரம் பெருக்குகிற வீட்டுக்கு 500 மணி என்றால் ஏறக்குறைய பத்து வருடம். என்னைக் கேட்டால் இந்தக் கடைசி இரண்டும்தான் வாங்குகிறவருக்கு மிகப் பெரிய லாபம். வாட்டைப் பற்றிய கூச்சலில் அவை காணாமல் போயின.

'ஆண்டு 43 யூனிட்' எப்படி வந்தது என்று யோசிப்பீர்கள். 87 சதுர மீட்டர் வீடு, வருடத்துக்கு 50 தடவை பெருக்குவது, தரையின் ஒவ்வோர் இடத்தையும் ஹெட் நான்கு முறை கடப்பது என்று ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். தூசி கம்மியாக எடுக்கிற மெஷினுக்குக் கணக்கில் அபராதம் உண்டு, சரியாக எடுக்கவில்லையென்றால் கூடுதல் நேரம் ஓட்டுவீர்கள் இல்லையா, அதனால். சோம்பேறி மெஷின் ஒன்றைச் செய்து 'மின்சாரம் மிச்சம்' என்று காட்டிவிட்டுப் போக முடியாது.

ஏன் இவ்வளவு மெனக்கெட்டார்கள்? அந்த விதியின் முன்னுரையே கணக்குச் சொல்கிறது: ஐரோப்பிய யூனியனில் 2005-இல் வாக்குவம் கிளீனர்கள் தின்றது 18 டெராவாட் மணி, அதாவது 1800 கோடி யூனிட். சும்மா விட்டால் 2020-இல் அது 34 ஆகும், விதியும், மெஷினில் ஒட்டும் மின்செலவு லேபிளும் சேர்ந்தால் அதில் 19 மிச்சமாகும் என்று கணித்தார்கள். வீடுகள் அந்த அளவுக்குப் பெருகவில்லை, தூசியும் பெருகவில்லை. வாட் போட்டிதான் பெருகியது. ஒருவன் 1800 போட்டால் அடுத்தவன் 2000, அவனுக்கு அடுத்தவன் 2400. 19 என்பது முன்கூட்டிப் போட்ட மதிப்பீடு, வீடு வீடாக மீட்டர் வைத்து அளந்து சொன்னது இல்லை. யாராவது "இத்தனை மிச்சமாகிவிட்டது" என்று அடித்துச் சொன்னால் கொஞ்சம் தள்ளி வைத்துக் கேளுங்கள்.

2014 ஆகஸ்ட் கடைசியில் நடந்த கூத்து எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. பிரிட்டனின் நுகர்வோர் அமைப்பான 'விச்?', தான் சிபாரிசு செய்த ஏழு மெஷின்களில் ஐந்து 1600 வாட்டைத் தாண்டியவை, வேண்டுமானால் சீக்கிரம் வாங்கிவிடுங்கள் என்று சொல்லிவிட, கடைகளில் கூட்டம். இங்கே ஜெர்மனியிலும் அதே பதற்றம். எங்கள் மாடிக்குக் கீழ்வீட்டுப் பாட்டி 2200 வாட்டில் இரண்டு வாங்கினார். ஒன்று இப்போதைக்கு, இன்னொன்று நிலவறையில், 'பிற்காலத்துக்கு'. இரண்டு வருடம் கழித்து முதல் மெஷின் இழுக்கவில்லை, மோட்டார் போய்விட்டது, பார்த்துத் தா என்று என்னிடம் கொண்டுவந்தார். திறந்தேன். பை செங்கல் மாதிரி இறுகியிருந்தது. மோட்டாருக்கு முன்னால் இருக்கும் ஃபில்டர் கம்பளித் துணி கணக்காகச் சாம்பல் நிறத்தில் தடித்துப்போயிருந்தது. வாங்கிய நாளிலிருந்து மாற்றவே இல்லை. ஐந்து யூரோ பை, பதினைந்து நிமிட வேலை. மோட்டாருக்கு ஒன்றுமே இல்லை. அந்த 2200 வாட்டும் அடைத்துக்கொண்ட ஃபில்டருக்கு முன்னால் உள்ளங்கை வைத்த மாதிரி கத்திக்கொண்டிருந்தது, அவ்வளவுதான்.

இந்தப் பை நிறையும் விவகாரம்தான் பிறகு கோர்ட்டுக்கும் போனது. டைசன் கம்பெனி வழக்குப் போட்டது தெரிந்திருக்கும். வாட் உச்சவரம்பை எதிர்த்துப் போட்டது என்று பலர் எழுதுகிறார்கள், அது தவறு. அவர்கள் எதிர்த்தது லேபிளை. 665/2013 என்ற தனி விதிப்படி ஒட்டிய அந்த ஏ முதல் ஜி வரையிலான தாள், தூசிப் பெட்டி காலியாக இருக்கும் மெஷினைச் சோதித்து மதிப்பெண் போட்டது. வீட்டில் எவரும் காலிப் பையோடு வருடம் முழுக்க ஓட்டுவதில்லை, பை நிறைய நிறைய இழுப்பு இறங்கும் மெஷினும் இறங்காத மெஷினும் ஒரே மதிப்பெண் வாங்குவது வாங்குகிறவரை ஏமாற்றுவது என்பது அவர்கள் வாதம். அவர்கள் விற்பது பையில்லாத மெஷின் என்பதையும் மறந்துவிடாதீர்கள், இதில் அவர்களுக்கு வியாபார லாபம் உண்டு. 2015-இல் தோற்றார்கள். 2017 மே மாதம் மேல்முறையீட்டில் வழக்கு திருப்பி அனுப்பப்பட்டது. 2018 நவம்பர் 8-இல் ஐரோப்பிய யூனியனின் பொது நீதிமன்றம் லேபிள் விதியை முழுதாக ரத்து செய்தது. மூலச் சட்டம் 'பயன்படுத்தும்போது' ஆகும் மின்செலவைச் சொல்லத்தான் கேட்டிருந்தது, காலிப் பெட்டிச் சோதனை அதைச் செய்யவில்லை என்பது காரணம். 2019 ஜனவரியோடு அந்த லேபிள் போயிற்று. ஃபிரிட்ஜிலும் வாஷிங் மெஷினிலும் வண்ணத் தாள் ஒட்டியிருக்க, வாக்குவம் கிளீனரில் மட்டும் ஏன் இல்லை என்று நீங்கள் யோசித்திருந்தால் விடை இதுதான். 900 வாட் உச்சவரம்பு இருக்கும் 666/2013-க்கு இந்தத் தீர்ப்பால் ஒன்றும் ஆகவில்லை. இரண்டையும் குழப்பி 'கோர்ட்டே விதியைத் தள்ளிவிட்டது' என்று சுற்றும் செய்தியை நம்ப வேண்டாம்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று நான் சொல்லவரவில்லை. சோதனைக்கூடத்தில் கார்ப்பெட் என்றால் ஒரு குறிப்பிட்ட நெய்வுள்ள கம்பளம், அதில் அளந்து தூவிய பொடிமணல், ஐந்து முறை முன்னும் பின்னும் தள்ளுவது. வெறுந்தரை என்றால் குறுக்கே ஒரு இடுக்கு வெட்டிய பலகை, அந்த இடுக்கிலிருந்து எவ்வளவு பொடி வருகிறது என்று எடைபோடுவது. (இதில் ஒரு வேடிக்கை: ஹெட்டின் அகலத்துக்கு வெளியே இருக்கும் பொடியையும் சில மெஷின்கள் இடுக்கு வழியாக இழுத்துவிடுவதால் நூறு சதவீதத்துக்கு மேல் மதிப்பெண் வரும். லேபிள் இருந்த காலத்தில் வெறுந்தரையில் 'ஏ' வாங்க 111 சதவீதம் வேண்டும்.) சோதனை எதைக் கேட்கிறதோ அதற்கேற்ப மெஷினைச் செய்வார்கள், இது மனித இயல்பு. இடுக்குத் தேர்வில் ஜெயிக்க ஹெட்டைத் தரையோடு இறுக்கி மூடினால், தாளித்தபோது தெறித்த கடுகும் சிந்திய அரிசியும் உள்ளே போகாது. ஹெட்டின் முன்விளிம்பு அவற்றை மண்வெட்டி மாதிரி தள்ளிக்கொண்டே போய்ச் சுவரோரம் சேர்க்கும். அதேபோல் சில புது மெஷின்கள் தடித்த கம்பளத்தில் அட்டை மாதிரி ஒட்டிக்கொண்டு தள்ளவே கையை வலிக்க வைக்கும். 'புது மெஷின் சரியில்லை' என்ற புலம்பலில் பாதி இங்கிருந்து வருகிறது. அதில் நியாயமும் இருக்கிறது. ஆனால் அது ஹெட்டின் குற்றம், வாட்டின் குற்றம் அல்ல. 2000 வாட்டைக் கொண்டுபோய் அதே ஹெட்டில் மாட்டினால் இன்னும் இறுக்கமாக ஒட்டும்.

கெட்டிலுக்கும் டோஸ்டருக்கும் இதே மாதிரி வெட்டு வருகிறது என்று அப்போது ஒரு பேச்சு கிளம்பி, பிரிட்டன் பத்திரிகைகள் ஆடித் தீர்த்தன. அங்கே என் கட்சி வேறு. ஒரு லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைக்க வேண்டிய வெப்பம் வெப்பம்தான். 3000 வாட்டில் சீக்கிரம் கொதிக்கும், 1500 வாட்டில் தாமதமாகும், அந்தத் தாமதத்தில் சுவர் வழியாகப் போகும் சூடுதான் கூடும். கெட்டிலில் வாட்டைக் குறைப்பது அர்த்தமில்லாத வேலை. அங்கே வாட்தான் வேலை, வாக்குவம் கிளீனரில் வாட்டில் பெரும்பகுதி விரயம். இரண்டையும் ஒரே தட்டில் வைத்துக் கேலி செய்தவர்களும் சரி, ஒரே தட்டில் வைத்து ஆதரித்தவர்களும் சரி, மோட்டாரைத் திறந்து பார்த்தவர்களாக எனக்குத் தெரியவில்லை.

உங்கள் சூட்கேஸ் கேள்விக்கு வருகிறேன். இந்த விதி சந்தையில் விற்பனைக்குக் கொண்டுவருகிறவரைத்தான் கட்டுப்படுத்துகிறது. வீட்டில் பழைய 2000 வாட்டை ஓட்டுவதைத் தடுக்கவில்லை. மின்சாரமும் இரண்டு ஊரிலும் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ், எனவே ஓடும். பிளக் மட்டும் பொருந்தாது. நம் ஊர் மொத்த மூன்று பின் பிளக்குக்கு மலிவு அடாப்டர் போட்டு 2000 வாட் இழுப்பதை நான் எவருக்கும் சொல்ல மாட்டேன், அடாப்டர் உருகிப் பார்த்திருக்கிறேன். அந்த மாடலுக்குப் பையும் ஃபில்டரும் இங்கே தேடுவதும் ஒரு தலைவலி. காசுக் கணக்கு என்றால், வருடத்துக்கு 50 மணி நேரம் ஓட்டினால் 2000 வாட் 100 யூனிட், 800 வாட் 40 யூனிட். யூனிட் 35 சென்ட் என்று வைத்தால் வித்தியாசம் 21 யூரோ. அதனால் நீங்கள் பணக்காரராகப் போவதில்லை, கோடிக்கணக்கான வீடுகளைச் சேர்த்தால்தான் அது பெரிய எண். ஆகவே மிச்சத்துக்காக வாங்க வேண்டாம், வேலைக்காக வாங்குங்கள்.

வாங்கும்போது வாட்டைப் பார்க்காதீர்கள். உங்கள் வீட்டில் பெரும்பாலும் லேமினேட் தரையா, கம்பளமா என்று பாருங்கள். கம்பளம் என்றால் உருளும் பிரஷ் உள்ள ஹெட் வேண்டும், ஐந்நூறு வாட் கூடுதல் மோட்டாரைவிட அந்த பிரஷ் அதிக வேலை செய்யும். வெறுந்தரை என்றால் ஹெட்டின் முன்விளிம்பைத் திருப்பிப் பாருங்கள், அரிசி நுழைய வழி விட்டிருக்கிறதா என்று. கடைக்காரர் அனுமதித்தால் உள்ளங்கையை வைக்காமல் கம்பளத்துண்டில் தள்ளிப் பாருங்கள். பையும் ஃபில்டரும் பக்கத்துக் கடையில் கிடைக்குமா என்று கேளுங்கள். பேட்டரியில் ஓடும் கம்பு மாதிரி மெஷின்களுக்கும் ரோபோவுக்கும் இந்த விதி பொருந்தாது, எனவே அவற்றின் டப்பாவில் உள்ள எண்களை வயர் மெஷினோடு ஒப்பிட்டுக் குழம்ப வேண்டாம். வீட்டில் ஆஸ்துமா, தூசி அலர்ஜி யாருக்காவது இருந்தால் ஃபில்டர் வகையை டாக்டரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள், அது என் துறை இல்லை.

அம்மா வீட்டு மெஷின் பற்றி ஒன்று கேட்க வேண்டும். அதன் கைப்பிடிக்குப் பக்கத்தில், ஹோஸ் முடியும் இடத்தில், விரலால் தள்ளித் திறக்கும் சின்ன மூடி ஒன்று இருக்கும். திரைச்சீலையோ மிதியடியோ உள்ளே இழுபடும்போது அதைத் திறந்துவிடுவார்கள். திறந்தால் வெளிக்காற்று அந்த ஓட்டை வழியாகப் புகுந்து, தரையில் இழுப்பு குறையும். மோட்டார் மட்டும் முழு வாட்டையும் தின்றுகொண்டிருக்கும். அடுத்த முறை வீடியோ காலில் அம்மாவைக் காட்டச் சொல்லிப் பாருங்கள். நான் பார்த்த 2000 வாட் வீடுகளில் அது பெரும்பாலும் திறந்துதான் இருந்தது.